கொடைக்கானல் பறவைக்கு நீலகிரிப் பறவை ஈடாகாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் கொடைக்கானல் சோலைகளைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். சோலைக்காடு மழையை எப்படிப் பிடித்துவைத்து ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது என்பதை, பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்படி எழுதியிருந்தார் கட்டுரையாளர். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தின் நடுவில் பெரிதாகப் போட்டிருந்த பறவை கொடைக்கானல் பறவை இல்லை. கருநீலத் தலை, கருநீல மார்பு, வயிற்றின் நடுவில் வெள்ளை, இரு விலாவிலும் செங்கல் நிறம் என்று இருந்த அது நீலகிரிச் சோலைச்சிட்டு. கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடரில் அது கிடையாது. எங்கள் சோலைகளில் வாழ்வது வெண்வயிற்றுச் சோலைச்சிட்டு.

படம் மாறியது மட்டும்தான் குறை என்றால் நான்கு வரியில் திருத்தம் கேட்டு முடித்திருப்பேன். கட்டுரையின் கடைசிப் பத்தியில், இந்தப் பறவை கொடைக்கானலில் குறைந்து வந்தாலும் நீலகிரியில் நல்ல எண்ணிக்கையில் இருப்பதால் அழிந்துபோகும் என்ற அச்சம் வேண்டாம் என்னும் பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீலகிரியில் ஆயிரம் சோலைச்சிட்டு இருந்தாலும் பழனி மலையில் அழிந்த ஒன்றை அவற்றால் ஈடுகட்ட முடியாது. இரண்டும் வேறு வேறு இனங்கள்.

நான் கொடைக்கானலில் தபால்காரனாக இருந்து ஓய்வுபெற்றவன். நான் தபால் கொடுத்துவந்த பகுதி, அதாவது என் பீட், நாயுடுபுரத்திலிருந்து பாம்பார்புரம், வட்டக்கானல் வரை நீண்டது. பல இடங்களுக்குச் சோலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதைதான் வழி. என் மகளைக் கோத்தகிரியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கே போகும்போதெல்லாம் விடியற்காலையில் லாங்வுட் சோலைப் பக்கம் நடந்துவிட்டு வருவது என் வழக்கம். அதனால் இந்த இரண்டு பறவைகளையும் அவையவை வாழும் இடத்திலேயே பார்த்துப் பழகியிருக்கிறேன். பறவையியல் படித்தவன் இல்லை. ஆனால் நான் கண்டதும் ஆய்வாளர்கள் எழுதியிருப்பதும் பொருந்துகின்றன.

முதலில் உருவம். இரண்டும் ஊர்க்குருவி அளவுதான், சுமார் 15 சென்டிமீட்டர். கால் கொஞ்சம் நீளம், சிறகு குட்டை. குண்டுக்கரிச்சானைப் போல நெஞ்சை நிமிர்த்தித் தரையில் நிற்கும். கண்ணுக்கும் அலகுக்கும் இடையில் கறுப்பு, அதற்கு மேலே நெற்றியோரத்தில் வெளிறிய புருவம். ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாது. இதுவரை சொன்னதெல்லாம் இரண்டுக்கும் பொது. வேறுபாடு விலாவில் இருக்கிறது. கோத்தகிரிப் பறவைக்கு மார்பின் நீலம் முடிகிற இடத்திலிருந்து வால் அடிவரை இருபுறமும் துருப்பிடித்தது போன்ற செம்மை. எங்கள் பறவைக்கு அந்தச் செம்மை துளியும் கிடையாது. மார்பின் நீலமே சாம்பல் கலந்து விலாவில் இறங்கி, வயிற்றில் வெள்ளையாக முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சோலைக்குள் உச்சி வெயிலிலும் அரையிருட்டுதான். இந்தப் பறவைகள் நன்றாக வெளியே வருவதோ விடியலிலும் அந்தியிலும். அந்த வெளிச்சத்தில் நீலம் கறுப்பாகத் தெரியும், செம்மை பழுப்பாகத் தெரியும். குஞ்சுகளுக்கு உடலெல்லாம் புள்ளி விழுந்த பழுப்பு நிறம் வேறு. கைப்பேசியில் எடுத்த மங்கலான படத்தை வைத்து எது என்று சொல்வது கடினம். ஆனால் படம் எந்த மலையில் எடுக்கப்பட்டது என்று தெரிந்தால் போதும், அடுத்த கேள்வியே வேண்டியதில்லை. இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. நீலகிரிச் சோலைச்சிட்டு பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியிலும் அதற்கு மேலே கர்நாடகத்தின் பிரம்மகிரி, பாபாபுடன் மலைகளிலும் வாழ்கிறது. வெண்வயிற்றுச் சோலைச்சிட்டு கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலையிலும் பழனி மலையிலும் மூணாறு, மேகமலைப் பக்கத்து உயரங்களிலும் வாழ்கிறது. தங்கள் இணைப்பிதழைத் தயாரிப்பவர்கள் படத்தை வாங்கும்போது 'இது எங்கே எடுத்தது' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தப் பிழை நடந்திருக்காது.

அந்தக் கணவாயைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பெரிய இடைவெளி அது, அகலம் 30, 40 கிலோமீட்டர் இருக்கும். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் 2,600 மீட்டரைத் தாண்டி நிற்க, நடுவில் உள்ள நிலம் கடல் மட்டத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் உயராத தாழ்வு. கோத்தகிரி போகிறவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். கொடைக்கானலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, பழனியில் இறங்கும்போதே அதைக் கழற்றிவிடுவோம். உடுமலை, பொள்ளாச்சி, கோவை, மேட்டுப்பாளையம் என்று நாள் முழுக்க வெயிலில் போய், பர்லியாறு வழியாகவோ கோத்தகிரிச் சாலையிலோ மேலே ஏறினால்தான் மறுபடி குளிர். உடுமலைப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் எல்லாம் இந்தக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றை நம்பி வைத்தவை. தென்னந்தோப்பும் சோளக்காடும் தொழிற்சாலையுமாக இருக்கிற அந்தச் சூட்டை, குட்டைச் சிறகும் சோலையிருட்டும் தவிர வேறறியாத ஒரு பறவை எப்படிக் கடக்கும்? கடந்ததில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கடந்ததில்லை என்று அவற்றின் மரபணுக்களே சொல்கின்றன.

இது ஆய்வாளர்கள் பொறுமையாகக் கண்டறிந்த சேதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன் நீலகிரிப் பறவையை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1860களின் கடைசியில் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் பழனி மலையிலிருந்து அனுப்பிய பறவையை வைத்து வில்லியம் பிளான்ஃபோர்ட் தெற்குப் பறவையை விவரித்தார். எங்கள் மலையில் வாழும் பழனிச் சிரிப்பான் என்ற பறவையின் அறிவியல் பெயரில் இன்றும் அந்த ஃபேர்பேங்க் இருக்கிறார். இரண்டு பறவைகளுக்கும் அப்போதே வேறு வேறு பெயர் கிடைத்தும், பிறகு வந்தவர்கள் இரண்டையும் ஒரே இனத்தின் இரு வகைகள் என்று சேர்த்துவிட்டார்கள். நெடுங்காலம் புத்தகங்களில் அப்படியே இருந்தது. 2005ல் பமேலா ராஸ்முசென், ஜான் ஆண்டர்டன் இருவரும் எழுதிய தெற்காசியப் பறவைகள் நூல் அவற்றை மறுபடி பிரித்துத் தனித்தனி இனங்களாக வைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் ஊர்க்காரர்கள் பெருமைப்பட வேண்டியது. பறவை ஆய்வாளர் வி.வி.ராபின், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் முதலானோர் மலை மலையாக ஏறி, இந்தப் பறவைகளை வலையில் பிடித்து, துளி ரத்தம் எடுத்துக்கொண்டு, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். 2010ல் வெளியான ஆய்வில், பாலக்காட்டுக் கணவாய் இரண்டையும் மிகப் பழங்காலத்திலேயே பிரித்துவிட்டது என்று காட்டினார்கள். 2017ல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. இந்தப் பறவைகளை வடகிழக்கு இந்தியாவிலும் அதற்கு அப்பாலும் உள்ள குட்டைச்சிறகுப் பறவைகளோடு சேர்த்து வைத்ததே தவறு. இவை நீல ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கியவை. உலகில் வேறெங்கும் இல்லாத தனிக் கிளை. ஆகவே 'ஷோலிகோலா' என்ற புதிய பேரினத்தையே இவற்றுக்காக உருவாக்கினார்கள். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியர் மலைப் பக்கத்தில் இருப்பது மூன்றாவது இனம் என்றும் அதே ஆய்வு சொன்னது. அதை எல்லாப் பட்டியல்களும் தனி இனமாக ஏற்றுக்கொள்ளவில்லை. சில அதை வெண்வயிற்றுச் சோலைச்சிட்டின் உள்வகையாகவே வைத்திருக்கின்றன. சிரிப்பான்களிலும் இதே கதைதான். நீலகிரிச் சிரிப்பான் கணவாயைத் தாண்டி வரவில்லை, பழனிச் சிரிப்பான் அங்கே போகவில்லை.

எல்லாப் பறவைகளையும் கணவாய் பிரித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்பும் ஆரஞ்சுமாக இருக்கும் ஈப்பிடிப்பானை லாங்வுட்டிலும் பார்க்கலாம், பாம்பார் சோலையிலும் பார்க்கலாம், இரண்டும் ஒரே இனம். கட்டுரையாளர் ஒருவேளை இதைப் போலத்தான் சோலைச்சிட்டும் என்று நினைத்திருக்கலாம். அதனால்தான் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது.

இனி எங்கள் பறவை இங்கே எப்படி வாழ்கிறது என்பதற்கு வருகிறேன். சோலையின் அடிக்காட்டில், ஈரமான இலைச்சருகைக் கிளறிப் பூச்சி பிடித்துத் தின்னும். ஓடைக்கரை என்றால் அதற்குப் பிடிக்கும். ஓர் இணை தன் எல்லையை விட்டு அதிகம் நகராது. என் பீட்டில் இன்ன வளைவில் இன்ன பறவை என்று சொல்லும் அளவுக்கு அவை இடம் மாறாமல் இருந்தன. வட்டக்கானல் பாதையில் பனி இறங்கும் நேரத்தில், முன்னால் பத்தடி தூரத்தில் பாதை நடுவில் வந்து நிற்கும். நாம் நின்றால் அதுவும் நிற்கும். இன்னும் ஓரடி வைத்தால் புதருக்குள் போய்விடும். சோலையை ஒட்டியிருக்கும் சில வீடுகளில், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்துக்கு அந்தியில் தவறாமல் வரும். பாட்டு மெல்லிய சீழ்க்கை, நடுவில் கரகரப்பு. கேட்காதவர்களுக்கு எழுதிப் புரியவைக்க என்னால் முடியாது. கோத்தகிரிப் பறவையின் பாட்டு வேறு மாதிரி என்று என் காதுக்குத் தோன்றும். மலைக்கு மலை இவற்றின் பாட்டு எப்படி மாறுகிறது என்றே ராபின் குழுவினர் தனியாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

கூடு வைக்கும் இடம்தான் எனக்குக் கவலை தருவது. மரப்பொந்திலும் வைக்கும், பாதையோர மண்கரையில் உள்ள குழியிலும் வைக்கும். பாசியும் மெல்லிய வேரும் வைத்து மெத்தை போட்டு இரண்டு முட்டை இடும். ஏப்ரலும் மேயும் அதற்கு முக்கியமான மாதங்கள். கொடைக்கானலில் ஏப்ரலும் மேயும் என்ன என்று தங்கள் வாசகர்களுக்குத் தெரியும். சீசனுக்கு முன்னால் சாலையைச் சீர்செய்கிறோம் என்று ஜேசிபி வந்து, சாலையோர மண்கரையைச் சுரண்டி வழித்துவிட்டுப் போகும். பாசி படிந்து, பெரணி முளைத்து, ஓட்டையும் பொந்துமாக இருந்த கரை ஒரே நாளில் சிவப்புச் சுவராகிவிடும். எந்த அலுவலகத்தின் உத்தரவு அது, எந்த ஒப்பந்தக்காரர் வேலை அது என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. நான் தபால் கொண்டுபோன காலத்தில் மூன்று வளைவுகளில் கூடு வைத்துக்கொண்டிருந்த ஒரு கரை இப்போது சிமென்ட் பூசிய சுவராக நிற்கிறது. சாலை அகலமாக வேண்டிய இடத்தில் அகலமாகட்டும். சோலையை ஒட்டிய கரைகளைச் செதுக்கும் வேலையை ஜூலைக்குப் பிறகு வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம்?

அடுத்தது மரங்கள். பழனி மலையின் மேற்பரப்பில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மூன்றும் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டன என்பதை 2018ல் வெளியான ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டியது. சுமார் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. புல்வெளி போனால் சோலைச்சிட்டுக்கு என்ன என்று கேட்பார்கள். இங்கே சோலை என்பது பள்ளத்தில் ஓடையோரமாக நிற்கும் காடு, மேட்டில் புல். புல் பிடித்துவைக்கும் தண்ணீரும் சேர்ந்துதான் பள்ளத்து ஓடையை உயிரோடு வைத்திருக்கிறது. ஆனால் இந்த அந்நிய மரங்களை ஒரேயடியாக வெட்டித் தள்ளுங்கள் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பழைய வாட்டில் தோப்புகளுக்கு அடியில் சோலை மரக் கன்றுகள் தாமாக முளைத்து ஆளுயரம் வளர்ந்திருக்கின்றன. அந்த அடிக்காட்டுக்குள் சோலைச்சிட்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன். லாரி விட்டு மரம் இழுத்தால் கன்றும் போகும், பறவையும் போகும். எங்கே கன்று முளைத்திருக்கிறது என்று நடந்து பார்த்து, அங்கே கையை வைக்காமல், புல்வெளியைப் புதிதாக ஆக்கிரமிக்கும் இடத்தில் முதலில் பிடுங்குவதே முறை. இங்கே தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாகச் சோலை நாற்றங்கால் வைத்து, கன்று கன்றாக வளர்த்துக் கொடுத்து வருகிறார்கள். அவர்களிடம் கேட்டால் எந்தப் பள்ளத்தில் எது முளைக்கிறது என்று விரல்விட்டுச் சொல்வார்கள்.

நீலகிரியில் எல்லாம் நலம் என்றும் நினைக்க வேண்டாம். நீலகிரிச் சோலைச்சிட்டை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்றுதான் வைத்திருக்கிறது. தேயிலையும் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) அங்கே சோலைகளைத் துண்டு துண்டாக்கிவிட்டன. லாங்வுட் சோலையே 116 ஹெக்டேர்தான். சுற்றிலும் ஊரும் தேயிலைத் தோட்டமும். கோத்தகிரிக்கு அந்தச் சோலையின் ஊற்றுத் தண்ணீர் வேண்டும் என்பதால் ஊர்மக்களும் தன்னார்வலர்களும் காவல் காத்து அதை மீட்டார்கள். 2024ல் அது ராம்சார் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. என் சம்பந்தி வீட்டார் அதைப் பற்றிப் பேசும்போது குரலிலேயே ஓர் உரிமை தெரியும். 'எங்கள் சோலை' என்பார்கள். அங்கே இருக்கும் பறவையையும் பேர் சொல்லித் தெரிந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த உரிமை வரவேண்டும் என்றால், முதலில் எங்கள் பறவை எது என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். சுற்றுலாப் பலகையில் ஒரு மலையின் பறவை, செய்தித்தாளில் இன்னொரு மலையின் பறவை என்று பார்த்து வளரும் பிள்ளை, தன் வீட்டுப் பின்புறம் அந்தியில் வந்து நிற்கும் பறவைக்கு விலாவில் செம்மை இல்லையே, இது வேறு ஏதோ சாதாரணக் குருவி என்றுதானே நினைக்கும்?

உயரத்தில் வாழும் பறவைக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. கீழே சூடு ஏற ஏற, சமவெளிக்காரர்கள் மலைக்கு வருகிறார்கள். மலை உச்சியில் ஏற்கெனவே இருப்பது எங்கே போகும்? பழனி மலையிலிருந்து ஆனைமலைக்குக் காடு தொடர்ந்து இருந்தாலாவது ஒரு வழி உண்டு. ஆனால் ஒரே மலைத்தொடருக்குள்ளேயே காடு துண்டுபட்டு, இந்தப் பறவைகள் தீவுக்குள் தீவாகச் சிக்கியிருப்பதை 2015ல் வந்த மரபணு ஆய்வு எடுத்துச் சொல்லியிருக்கிறது. இயற்கை லட்சக்கணக்கான ஆண்டுகளில் உண்டாக்கிய பிரிவு ஒன்று. அதை மதிக்க வேண்டும், குறுக்கே கைவைக்கக் கூடாது. நாம் நூற்றைம்பது ஆண்டுகளில் வெட்டி உண்டாக்கிய பிரிவு இன்னொன்று. அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் நாம்தான். 'நீலகிரியில் இருக்கிறதே' என்ற வரி இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. நாளைக்கு யாராவது ஓர் அதிகாரி அந்த வரியைக் கத்தரித்துக் கோப்பில் வைத்துக்கொண்டு, 'இங்கே குறைந்தால் அங்கிருந்து கொண்டுவந்து விடலாம்' என்று சொன்னால் அதற்குப் பதில் சொல்லப்போவது யார்? அங்கிருந்து கொண்டுவந்து விட்டால் வருவது செம்மை விலா கொண்ட பறவை. எங்கள் பறவை திரும்பி வராது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இவை. அடுத்த ஞாயிறு இணைப்பிதழில், சிறிய எழுத்தில் திருத்தம் என்று போடாமல், இரண்டு பறவைகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எது எந்த மலையுடையது என்று பெயரோடு வெளியிடுங்கள். இரண்டையும் படமெடுத்த ஒளிப்படக் கலைஞர்கள் தமிழ்நாட்டிலேயே பலர் இருக்கிறார்கள். அந்தக் கடைசிப் பத்தியின் வரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதற்கான காரணத்தையும் எழுதுங்கள். சீசனுக்கு முந்தைய மாதங்களில் சோலையோர மண்கரைகளைச் செதுக்கக் கூடாது என்ற கோரிக்கையைத் தங்கள் திண்டுக்கல் பதிப்பில் செய்தியாகக் கொண்டுவாருங்கள். தங்கள் செய்தியாளர் வருவதாக இருந்தால், கரைகள் இருந்த இடங்களையும் இன்னும் மிஞ்சியிருக்கும் கரைகளையும் நானே கூட நடந்து காட்டுகிறேன். மார்ச் முடிவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்